நல்லா இருக்கும்போது எதுக்கு இன்ஹேலர்?

பரமத்தி வேலூரில் ஆஸ்துமா என்கிற நோயே கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால் சந்தை நாளில் பேருந்து நிலையத்தில் நின்று நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். "வீசிங்" இருக்கும். "எளப்பு" இருக்கும். "சளித் தொந்தரவுங்க" இருக்கும். "மார்கழி வந்தா மட்டும் கொஞ்சம் மூச்சு இழுக்கும்" என்பதும் இருக்கும். ஆஸ்துமா மட்டும் இருக்காது. அது பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவது. அவர் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் அவருக்கும் வராது!

நோய்க்கே பெயர் சொல்லக் கூசும் ஊரில் அதன் மருந்துக்கு மட்டும் என்ன மரியாதை கிடைத்துவிடும்? பீரோவில் புடவைக்கு அடியில், கைப்பையின் உள் ஜிப்பில், லாரி டேஷ்போர்டில் பழைய டிரிப் ஷீட்டுக்குக் கீழே அது ஒளிந்திருக்கும். மூச்சு முட்டினால் மட்டும் வெளியே வரும். இரண்டு இழுப்பு, மறுபடியும் புடவைக்கு அடியில். "தினமும் இழுக்கச் சொன்னாங்களே" என்று யாராவது ஞாபகப்படுத்தினால் பதில் தயாராக இருக்கிறது: "நல்லாத்தான இருக்கறேன், அதெதுக்குங்க தெனமும் இழுக்கோணும்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு கேள்வி எத்தனை பேரை நடுராத்திரியில் கார் பிடித்து நாமக்கல்லுக்கும் கரூருக்கும் ஓட வைத்திருக்கிறது என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. எனவே இந்தக் கேள்வியோடு கொஞ்சம் சண்டை போட்டே ஆகவேண்டும்.

முதலில் ஊரைப் பற்றி. காவிரிக்கரை, வெற்றிலைக் கொடிக்கால், வாழைத்தோட்டம், கரும்பு என்று வெளியூர்க்காரர்கள் வயிறெரியும் பசுமை. ஆனால் அந்தக் கரும்பு வெல்லமாவது எங்கே? ஜேடர்பாளையம், கபிலர்மலை, பாண்டமங்கலம், பிலிக்கல்பாளையம் பக்கம் போனால் ஆலைக் கொட்டகைகள். காய்ந்த கரும்புச் சக்கையை அடுப்பில் தள்ளிக்கொண்டே ஓர் ஆள், கொப்பரை ஆவிக்கு நடுவே பாகு கிளறிக்கொண்டே இன்னோர் ஆள். நாள் முழுக்கப் புகை. வீட்டுக்குப் போனால் பல இடங்களில் சுள்ளியும் தென்னை மட்டையும் எரியும் அடுப்பு. (கேஸ் சிலிண்டர் இருக்கிறது, இல்லாமல் இல்லை. அது விருந்தாளி வந்தால் காபி போட!) அந்தப் பக்கம் நாமக்கல் வரைக்கும் கோழிப்பண்ணைகள், தீவன ஆலைகளின் தூசி. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் வெல்டிங் புகை, பெயின்ட் நெடி. இதற்கு மேல் பீடி. மார்கழியில் ஆற்றுப்பனி, தை பிறக்கும் முன் போகிப் புகை. நுரையீரல் என்ன இரும்பா?

பெண்கள் பீடி குடிப்பதில்லையே, அவர்களுக்கு ஏன் வருகிறது என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்காக ஒரு தகவல். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில், புகைபிடிக்காத, முப்பது வயதைத் தாண்டிய சுமார் 900 பெண்களைச் சோதித்து 2011ல் ஓர் ஆய்வு வந்தது. நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொடாதவர்கள். அடுப்பைத்தான் தொட்டார்கள்.

நாடு முழுக்க எடுத்தால், 2016ம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் 3 கோடியே 79 லட்சம், சிஓபிடி உள்ளவர்கள் 5 கோடியே 53 லட்சம். இன்னொரு கணக்கு இன்னும் கொடுமை. உலகின் ஆஸ்துமா சுமையில் இந்தியாவின் பங்கு சுமார் 13 சதவீதம். ஆஸ்துமா சாவுகளில்? 40 சதவீதத்துக்கும் மேல். நோய் ஒரே நோய்தான். மருந்தும் இதே நாட்டில் தயாராகி வெளிநாட்டுக்கெல்லாம் கப்பல் ஏறுகிறது. அப்புறம் சாவில் மட்டும் ஏன் இந்த முதலிடம்? பதிலில் பாதி அந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறது.

சரி, அந்த டப்பாவுக்குள் என்னதான் இருக்கிறது?

தினமும் இழுக்கச் சொல்லித் தரும் கூட்டு இன்ஹேலரில் இரண்டு மருந்துகள். ஒன்று மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்தி, சுமார் பன்னிரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருப்பது (சால்மெட்டரால் அல்லது ஃபார்மோட்டரால்). இன்னொன்று குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைக்கும் ஸ்டீராய்டு (ஃப்ளூட்டிகசோன் அல்லது புடெசொனைடு). முதலாவது வேலை செய்வது இழுத்த கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது வேலை செய்வது நாள்கணக்கில், வாரக்கணக்கில். அது தெரியவே தெரியாது. தொல்லை வராமல் இருப்பதுதான் அதன் அடையாளம். வராத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

வேலூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஜேடர்பாளையத்தில் பிரிகிற ராஜா வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் மண் மேடிட்டு ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. உடனே ஷட்டரை இன்னும் ஒரு சுற்று தூக்கினால் அன்றைக்குத் தண்ணீர் வரும். மறுநாள்? மறுபடி தூக்க வேண்டும். ஒருநாள் தூக்குவதற்கு மேலே இடம் இருக்காது. தூர்வாருகிற வேலையைத் தண்ணீர் வராத நாளில் செய்ய முடியாது, முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். மூச்சு முட்டும்போது அடிக்கிற சால்புட்டமால் ஷட்டர். தினமும் இழுக்கிற ஸ்டீராய்டு தூர்வாருவது. கொடிக்கால் வைத்திருக்கிற எந்த விவசாயியும் "தண்ணிதான் வருதே, எதுக்குத் தூர்வாரணும்" என்று கேட்கமாட்டார். அவரேதான் நுரையீரல் விஷயத்தில் கேட்கிறார்!

இரண்டு மருந்தையும் ஏன் ஒரே டப்பாவில் அடைத்தார்கள்? கம்பெனிக்காரன் காசு பார்க்க என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். காசும் பார்த்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இதற்குப் பின்னால் சாவுக்கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் சால்மெட்டராலைச் சோதிக்க சுமார் 26,000 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு சால்மெட்டரால், பாதிப்பேருக்கு வெறும் காற்று மாதிரி ஒன்று. 2003ல் பாதியில் நிறுத்தினார்கள். 28 வாரங்களில் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சால்மெட்டரால் பக்கம் 13 பேர், மறுபக்கம் 3 பேர். தசையைத் தளர்த்தும் மருந்து நன்றாக இருப்பதுபோல ஓர் உணர்வைத் தருகிறது, உள்ளே வீக்கம் பாட்டுக்கு வளர்கிறது, ஒருநாள் ஒரேயடியாக அடைக்கிறது. ஸ்டீராய்டு இல்லாமல் இதை மட்டும் ஆஸ்துமாவுக்குத் தரக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010ல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இரண்டும் சேர்ந்த இன்ஹேலர்களைத் தனியே சோதித்தார்கள். அந்த ஆபத்து அவற்றில் தெரியவில்லை என்று 2017ல் கறுப்புக் கட்ட எச்சரிக்கையையும் எடுத்துவிட்டார்கள்.

அதாவது, சுகம் தரும் மருந்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு குணம் தரும் மருந்தை ஒதுக்குகிற மனித புத்தி வேலூருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்கனும் அப்படித்தான். அவனை நம்பாமல்தான் இரண்டையும் பிரிக்க முடியாதபடி ஒரே டப்பாவில் அடைக்க வேண்டியிருந்தது. நம் ஆட்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். டப்பாவையே பீரோவில் வைத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் கதையைத் தோண்டி 2014ல் ஓர் அறிக்கை வந்தது. சாவுக்கு முந்தைய ஓராண்டில் உடனடி நிவாரண இன்ஹேலரை மட்டும் பன்னிரண்டுக்கு மேல் எழுதி வாங்கியவர்கள் சுமார் 39 சதவீதம். மாதத்துக்கு ஒன்றுக்கு மேல்! இதற்கு நேர் எதிராக, கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் மருந்துச் சீட்டுகளைப் பல ஆண்டுகளுக்கு அலசிய ஆய்வு 2000ல் வந்தது. ஆண்டில் கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமாச் சாவு வீதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. எதை அதிகம் வாங்குகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டியே 2019ல் திருத்தி எழுதப்பட்டது. வெறும் சால்புட்டமாலை மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்துமாவைச் சமாளிக்காதே என்பதுதான் திருத்தம்.

"ஐயையோ, ஸ்டீராய்டா?"

வந்துவிட்டது. இந்த அலறலுக்காகத்தான் காத்திருந்தது இந்தக் கட்டுரை. ஸ்டீராய்டு என்றால் பயப்படும் இதே ஊரில், மூச்சு இரைத்தால் முதலில் போவது எங்கே? ஊசி போடுகிறவரிடம். அவர் போடும் இரண்டு ஊசியில் ஒன்று டெரிபிலின், இன்னொன்று பெரும்பாலும் என்ன என்று நினைக்கிறீர்கள்? டெக்சாமெத்தசோன். சாட்சாத் ஸ்டீராய்டு. ரத்தத்தில் கலந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை போவது. ஊர் ஊராக வந்து "பச்சிலைப் பொடி, பக்கவிளைவே இல்லை" என்று விற்கிறார்களே, சாப்பிட்ட மூன்றாம் நாள் மூச்சு சீராகி, பசியெடுத்து, மூன்று மாதத்தில் கன்னம் உப்பி முகம் வட்டமாகிவிடுமே... "பொடி சாப்பிட்டு ஆளு நல்லா தெம்பாயிட்டாருங்க!" என்று ஊரே மெச்சும். அது தெம்பு அல்ல, வீக்கம். பொடிக்குள் அரைத்துச் சேர்த்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு இதைவிடத் தெளிவான முகவரி வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூச்சுத்திணறல் முற்றினால் தரப்படும் பிரட்னிசோலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை போகும். மைக்ரோகிராமில் சொன்னால் 40,000. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என 200 மைக்ரோகிராம் புடெசொனைடு இன்ஹேலரை இழுத்தால் ஒரு நாளைக்கு 800. ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டும் வேறு வேறு மருந்துகள், வீரியமும் வேறு, எடைக்கு எடை தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் ஒன்று நேராக நுரையீரலுக்குப் போகிறது, விழுங்கிய மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் உடைத்துவிடுகிறது. மற்றது உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. இன்ஹேலரைத் தினமும் இழுக்காததற்குத் தண்டனையாகத்தான் வருஷத்துக்கு நாலு தடவை அந்த 40,000 உள்ளே போகிறது. பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் பயப்பட வேண்டாததற்கு நடுங்குவதை என்னவென்று சொல்ல?

இன்ஹேலருக்குப் பக்கவிளைவே இல்லை என்று சொன்னால் அது பொய். வாயில் வெள்ளை படியலாம், குரல் கட்டலாம். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அதிக அளவில் பல வருஷம் போனால் எலும்பையும் கண்ணையும் கவனிக்க வேண்டும். குழந்தைகள்? அமெரிக்காவில் சிறுவயதில் சில ஆண்டுகள் புடெசொனைடு இழுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார்கள். சராசரி உயரம் 1.2 சென்டிமீட்டர் குறைவு. அரை அங்குலம்கூட இல்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்கும் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கபடி ஆடாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எவ்வளவு வளர்ந்துவிடும் என்பதையும் பெற்றவர்கள் சேர்த்து யோசிக்கட்டும்.

அடுத்தது "பழக்கமாயிடும்". இது சாராயமா, பழக்கமாக? கண்ணாடி போடுகிறவர் கண்ணாடிக்கு அடிமையா? சர்க்கரைக்கு முப்பது வருஷமாக மாத்திரை போடுகிற அப்பாருவைப் பார்த்து "அடிமை" என்று எந்தப் பேரனாவது சொல்கிறானா? நுரையீரலுக்கு மட்டும் தனிச்சட்டம். நோய் நீண்டது, அதனால் மருந்தும் நீள்கிறது. ஆஸ்துமா அடங்கினால் மருத்துவரே அளவைக் குறைப்பார்.

அப்புறம் "இது இங்கிலீஷ்காரன் சமாச்சாரம், நம்ம முறை வேற". தூதுவளை ரசமும் கற்பூரவல்லிச் சாறும் சளிக்கு இதமாக இருக்கும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மருந்தை மூச்சுவழி இழுப்பது அந்நியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊமத்தையைப் புகைத்து இரைப்பைத் தணிக்கும் வழக்கத்தை வெள்ளைக்காரன் பார்த்தது இங்கேதான். 1802 வாக்கில் சென்னையிலிருந்து ஜெனரல் ஜென்ட் என்பவர் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே ஆஸ்துமா சிகரெட் என்றே ஒரு சாமான் கடைகளில் விற்றது. ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் வகையறாவைச் செதுக்கித் திருத்தியதுதான் இன்று சிஓபிடிக்குத் தரும் டயோட்ரோபியம். (இதைப் படித்துவிட்டு யாரும் வேலியோரம் ஊமத்தை தேடிப் போகாதீர்கள். அது விஷம். திருத்தாத ஊமத்தைக்கும் டப்பாவுக்கும் நடுவில் நூற்றைம்பது வருஷ உழைப்பு இருக்கிறது.) டப்பா வந்த கதையும் வேடிக்கைதான். 1955ல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனித் தலைவரின் பதின்மூன்று வயது மகள், ஆஸ்துமாக்காரி, "சென்ட் பாட்டில் மாதிரி என் மருந்தையும் ஏன் அடிக்க முடியாது?" என்று கேட்டாள். அடுத்த வருஷமே இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது.

இவ்வளவும் நோயாளியைத் திட்டியாயிற்று. இப்போது மற்றவர்கள் பக்கம் திரும்பலாம்.

இன்ஹேலரை எழுதிக்கொடுத்துவிட்டு "கடையில சொல்லித் தருவாங்க" என்று அனுப்பும் மருத்துவர், கவரில் போட்டு நீட்டிவிட்டு "டாக்டர் சொல்லிருப்பாரு" என்னும் மருந்துக்கடைக்காரர். நடுவில் நிற்கிற பெரியம்மா வீட்டுக்கு வந்து ரோட்டாகேப்ஸ் மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறார். சிரிக்காதீர்கள். மாத்திரை மாதிரியே செய்து கொடுத்தால் வேறென்ன செய்வார்? பொடியை உறிஞ்சும் கருவியில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். அழுத்தி அடிக்கும் கருவியில் குலுக்கிவிட்டு, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். இரண்டிலும் இழுத்தபின் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். ஒன்றுக்கு வேகம், மற்றதற்கு நிதானம். மாற்றிச் செய்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். கை அழுத்துவதும் மூச்சு இழுப்பதும் ஒத்துப்போகாத வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை. இதைச் சொல்லித்தர ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷம் யாரிடமும் இல்லை. பின்லாந்தில் 1994ல் ஆஸ்துமாவுக்கென்று பத்தாண்டுத் திட்டம் போட்டு, மருந்துக்கடைக்காரர்கள் வரைக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பத்தாண்டு முடிவில் ஆஸ்துமாவுக்காக மக்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாள்கள் பாதிக்கும் கீழே இறங்கின. புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை அவர்கள். இருந்ததை ஒழுங்காக இழுக்க வைத்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு அநியாயம், ஆஸ்துமாவையும் சிஓபிடியையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது. இரண்டிலும் மூச்சு இரைக்கும். ஆனால் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டுதான் முதுகெலும்பு. ஐம்பது வருஷம் பீடியும் ஆலைப்புகையும் குடித்த நுரையீரலுக்கு அப்படியல்ல. சிஓபிடியில் கூட்டு இன்ஹேலரைச் சோதித்த பெரிய ஆய்வு 2007ல் வந்தது. 6,000க்கு மேற்பட்டோர், மூன்று வருஷம். நோய் முற்றித் திணறும் தடவைகள் கால்வாசி குறைந்தன. சாவு குறைந்ததா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நிமோனியா கூடியது. எனவே சிஓபிடிக்காரர் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டீராய்டு சேர்ந்த டப்பாவை நீட்டுவதும் தப்பு. யாருக்கு எது என்று தெரிய ஸ்பைரோமீட்டரில் ஒருதடவை ஊதிப் பார்க்க வேண்டும். ரத்தக்கொதிப்பு பார்க்கும் பட்டை எல்லா இடத்திலும் இருக்கிறது. சர்க்கரை பார்க்கும் மெஷின் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஊதிப் பார்க்கும் மெஷினைப் பார்த்தவர்கள் வேலூரில் எத்தனை பேர்?

விலை? டப்பா சில நூறு ரூபாய். 120 தடவை அடிக்கலாம். தினம் நாலு என்றால் சரியாக 30 நாள். நாளொன்றுக்கு ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. சம்பளக்காரருக்கு ஒன்றுமில்லை. சீசன் முடிந்தால் வேலையில்லாத ஆலைத் தொழிலாளிக்கு அது நிஜமான பாரம், அவரைப் பார்த்து வடைக்கணக்கு சொல்வது அயோக்கியத்தனம். புடெசொனைடு, ஃபார்மோட்டரால் கூட்டு மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2017லேயே ஏறிவிட்டது. இந்தியாவின் பட்டியலிலும் இருக்கிறது. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. நல்ல திட்டம், கைதட்டலாம். அதே பையில் ஓர் இன்ஹேலரும் ஸ்பேசரும் வைத்து, கொண்டுவரும் பெண்ணே பக்கத்தில் உட்கார்ந்து ஒருதடவை இழுக்க வைத்துப் பார்த்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? காப்பீடுகளோ, படுக்கையில் விழுந்தால்தான் பணம் தரும். விழாமல் காக்கும் டப்பாவுக்குத் தராது. நாமக்கல்லில் 2022ல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. கபிலர்மலைக் கொட்டகையில் சக்கை தள்ளுகிறவருக்கு அங்கே போக ஒருநாள் கூலி போகும்.

இனி வீட்டில் இன்ஹேலர் வைத்திருக்கிறவர்கள் போய் எடுத்துப் பாருங்கள். எந்த மருந்து என்று முதலில் படியுங்கள். சால்மெட்டரால் சேர்ந்தது என்றால் அது திணறும் நேரத்து மருந்தல்ல, மெதுவாகத்தான் ஏறும். திணறலுக்குத் தனி இன்ஹேலர் கையில் இருக்க வேண்டும். ஃபார்மோட்டரால் சில நிமிஷங்களில் வேலை செய்யும். அதை அவசரத்துக்கும் சேர்த்து இழுக்கலாமா, எத்தனை வரை என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் "அதே மருந்துதாங்க, வேற கம்பெனி" என்று ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றித் தந்தால் வாங்காதீர்கள்.

சில டப்பாக்களின் பின்னால் ஒரு குட்டி எண் தெரியும். இன்னும் எத்தனை அடி பாக்கி என்று காட்டும் எண். புதிதாக வாங்கியபோது 120. ஐப்பசி மழையில் மூச்சு இரைத்து, பயந்துபோய் வாங்கிய டப்பா, தைப்பொங்கலன்று 104 காட்டினால், அந்த வீட்டில் மூன்று மாதத்தில் மருந்து சாப்பிட்டது நான்கே நாள்.